உறவுப் பக்கம்

எங்கிருந்தோ ஒருவன் முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு ஒரே கடிதத்தை மின்னஞ்சலில் தட்டிவிட்டிருப்பான். உங்கள் இணையதளத்தைப் பார்த்தேன், பிரமாதம், உங்கள் பக்கத்தில் என் தளத்துக்கு ஒரு லிங்க் கொடுங்கள், நானும் உங்களுக்கு ஒன்று கொடுக்கிறேன் என்று அதில் இருக்கும். மற்றவர்கள் அதைப் படிக்காமலே குப்பையில் தள்ளிவிடுவார்கள். எங்கள் முதலாளி மட்டும் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருவார்.

"யாருன்னு பாரு தங்கச்சி, பத்திரிகை வச்சிருக்காக" என்பார்.

பத்திரிகை வைத்து அழைத்தவர் ருமேனியாவில் மெத்தை விற்கிறவராக இருப்பார். நம்முடைய கிளையண்ட் சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். மெத்தைக்கும் வாழைக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது, வருத்தம்தான் வரும். கூப்பிட்டவர்களிடம் போய் சம்பந்தம் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. சாயங்காலத்துக்குள் வாழைக்காய் மண்டியின் தளத்தில் ருமேனியா மெத்தை ஏறியிருக்கும். மெத்தைக்காரன் பதிலுக்கு லிங்க் கொடுத்தானா என்று ஒரு வாரம் பார்ப்பார். கொடுத்திருக்க மாட்டான். என்ன கஷ்டமோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடிதத்தைத் திறப்பார்.

கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு உரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கீழே யூரியா மூட்டை, மேலே நான்கு கம்ப்யூட்டர். கரண்ட் போனால் உர வாடை மட்டும் மிச்சம். எம்.சி.ஏ. முடித்துவிட்டு, கம்பத்தில் பம்ப்செட் கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு, நடந்து போய் வரும் தூரத்தில் கிடைத்த ஒரே கம்ப்யூட்டர் வேலை அதுதான். கடைக்காரர்களுக்கும் லாட்ஜ்காரர்களுக்கும் தளம் அமைத்துக் கொடுப்போம். அமைத்தால் போதாது, அதைத் தேடி ஆள் வர வேண்டும். அந்த ஆள் வரவைப்பதுதான் நிஜமான வேலை. நான் சேர்ந்தது இரண்டாயிரத்து ஆறில். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும்.

அதற்கு முன்னால் அவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற பிரஸ் வைத்திருந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் அச்சடிக்காத வீட்டு விசேஷம் குறைவு. அச்சடித்ததோடு நிற்காமல் விசேஷத்துக்கும் போய்விடுவார். சேர்ந்த புதிதில், லிங்க் என்றால் என்னவென்று அவருக்கு நான் விளக்கினேன். ஒரு தளத்தில் இன்னொரு தளத்துக்கு வழி காட்டியிருந்தால் தேடுபொறி அதை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொள்ளும், சிபாரிசு கூடக் கூடத் தேடுகிறவர்கள் கண்ணில் அந்தத் தளம் மேலே வந்து நிற்கும் என்றேன். கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "அட, இது நம்ம செய்முறைதான தங்கச்சி" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் செய்முறை என்றால், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் வந்து நின்றேன், என் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும், அழைத்தால் போக வேண்டும். போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று ஊரே கேட்கும். ஒருத்தரை ஒதுக்கி வைப்பதென்றால் சண்டை போடத் தேவையில்லை, பத்திரிகையில் பெயரை விட்டுவிட்டால் போதும். அவர் பாதி சரியாகத்தான் பிடித்திருந்தார். சம்பந்தம் இல்லாத இடத்துச் சிபாரிசு எடுபடாது என்ற மீதிப் பாதியை அவர் தலையில் ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் செய்த ஒவ்வொரு தளத்திலும் ஒரு பக்கம் ஒதுக்கி, மற்ற எல்லாக் கிளையண்டுகளின் பெயரையும் லிங்க்கோடு போட வைத்தார். மற்ற ஊர்களில் அந்தப் பக்கத்துக்குக் கூட்டாளிகள், பயனுள்ள தளங்கள் என்றெல்லாம் தலைப்பு வைப்பார்கள். இவர் உறவுகள் என்றுதான் போட வேண்டும் என்றார். உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவரின் அரிசி ஆலைத் தளத்தைத் திறந்தால், உறவுகள் பக்கத்தில் தேனி பல் டாக்டர், போடி ஏலக்காய்க் கடை, மயிலாடும்பாறையில் டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர், குமுளி ஹோம்ஸ்டே என்று வரிசையாக இருக்கும். பல் டாக்டர் தளத்தைத் திறந்தால் ராவுத்தர் இருப்பார். ஆபீசுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவார். பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தும் அனுப்புவார்.

அதனால் வந்த வினை, கல்யாணப் பத்திரிகையில் என்னென்ன சண்டை வருமோ அத்தனையும் அந்தப் பக்கத்துக்கும் வந்தது. போடி ஏலக்காய்க்காரர் ஒரு நாள் மாடிப்படி அதிர ஏறி வந்தார். பஞ்சர் கடைக்குக் கீழே தன் பெயர் எப்படி வரலாம் என்று கேட்டார். அகர வரிசைப்படி போட்டிருக்கிறது என்று நான் சொன்னேன். அகர வரிசை என்ன பெரிய தாய்மாமனா என்று கேட்டார். கடைசியில் ஒவ்வொருவர் தளத்திலும் ஒவ்வொருவரை முதலில் போட்டு, யாருக்கும் குறை வராமல் ஒரு ஏற்பாட்டை நான் இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். எம்.சி.ஏ. படித்தது இதற்குத்தானா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் கீழே போய் எனக்காகப் பன்னீர் திராட்சை ஒரு கிலோ வாங்கி வந்து மேஜையில் வைத்தார்.

ஒருவர் பெயரை வெட்டுவது என்பது அவருக்கு வராது. கூடலூரில் வீடியோ கடை வைத்திருந்த ஒருவர் இறந்துபோனார், கடையையும் மூடிவிட்டார்கள், தளமும் செத்துப்போயிற்று. லிங்க்கை அழுத்தினால் வெள்ளைத் திரைதான் வரும். எடுத்துவிடுகிறேன் என்றேன். "செத்தவுக வீட்டுக்குப் போறத நிறுத்திருவமா?" என்றார். இன்னொரு தளம், எங்கோ பிலிப்பைன்ஸில் பூச்செடி விற்றுக்கொண்டிருந்தது, திடீரென்று சூதாட்டத் தளமாக மாறிவிட்டது. நம் பள்ளிக்கூடக் கிளையண்டின் பக்கத்தில் சூதாட்டம் இருக்கிறது, பெற்றோர் பார்த்தால் நம்மைத் துடைப்பத்தால் அடிப்பார்கள் என்று நான் கத்தினேன். அந்த ஒன்றை மட்டும் எடுக்க விட்டார். எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். செடி வியாபாரம் நல்ல வியாபாரம், மனம் தளர வேண்டாம் என்று என்னை ஆங்கிலத்தில் எழுத வைத்தார்.

நெட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. வீரபாண்டித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்குக் காலில் அடிபட்டுவிட்டது. எனக்காக நீங்கள் எடுக்க முடியுமா என்று பேச்சுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். இவர் அந்த வேகாத வெயிலில் இன்னொருவர் நேர்த்திக்கடனுக்காக நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி நடந்தார். மறுநாள் உள்ளங்கையில் கொப்புளத்தோடு வந்து மவுஸைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லவே வராதா என்று கேட்டேன். கேட்கிற ஆளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும், அதை நினைத்துப் பார் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தக் கையில் மருந்து போடும்போது அழுகையும் வந்தது.

வேலையை விட்டுவிடலாம் என்று நானே ஒரு முறை முடிவு செய்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் சிநேகிதி வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி வேலை வாங்கித் தருவதாகச் சொன்னாள். அப்போது எனக்கு ஏழாம் மாதம். நேரில் சொல்லிவிடுவோம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். என் அம்மா இறந்து வெகு நாளாயிற்று என்பது அவர் மனைவிக்குத் தெரியும். நான் வாசலில் நுழைந்ததும், நாளும் கிழமையும் பார்த்து வைத்திருக்கிறோம், நீயே வந்து நிற்கிறாய் என்று உட்கார வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு இரண்டு கையிலும் வளையல் அடுக்கிவிட்டார். ஐந்து வகைச் சோறும் போட்டார்கள். வளையல் குலுங்கக் குலுங்க நான் வீட்டுக்கு வந்தேன். ராஜினாமா என்ற சொல் வாயிலேயே இருந்துவிட்டது. அந்த மனிதரிடம் மாட்டிக்கொள்வது அப்படித்தான் நடக்கும். யாரும் கையைக் கட்ட மாட்டார்கள், வளையல்தான் போடுவார்கள்.

நட்புத் தளங்கள் வந்த காலம் அது. எல்லாரும் தங்கள் படத்தைப் போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் கிளையண்டுகளின் தளங்களைப் பற்றி நாலு வார்த்தை போடுங்கள், ஆள் வரும் என்றேன். அவர் ஒரு விளம்பரம்கூடப் போடவில்லை. நலம் விசாரிக்காமல் எடுத்த எடுப்பில் யாவாரம் பேசுவது அசிங்கம் என்றார். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வார், குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பார். ஹாலந்தில் ஒரு அம்மாளின் முழங்கால் வலியை மாதக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒரு டிசம்பரில் நிஜமாகவே கிளம்பி வந்து, குமுளியில் எங்கள் முதலாளியின் தங்கை வீட்டு ஹோம்ஸ்டேயில் பத்து நாள் தங்கிவிட்டுப் போனார். போய் அங்கே தன் சிநேகிதிகளிடம் எல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு விளம்பரம் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தத் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு உடன்பிறந்தது அவள் ஒருத்திதான். மலை மேலே குமுளியில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை, கம்பத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு வருகிறவர். வளைவிலும் குழியிலும் ஓட்டி ஓட்டி முதுகெலும்பு நைந்துபோய், இனிமேல் ஸ்டியரிங் பிடித்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகுதான் வீட்டுக்குப் பின்னால் அறைகள் கட்டி, காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். வேறு வருமானம் கிடையாது. வந்த விருந்தாளிகள் முக்கால்வாசிப் பேர் நெட்டில் தேடி வந்தவர்கள்தான். குமுளியில் தங்க இடம் என்று தேடினால் முதல் பக்கத்தில் அவர்கள் தளம் வரும்படி செய்து வைத்திருந்தோம். அது என் உழைப்பு. எனக்கும் அதில் கர்வம் உண்டு.

ஒரு நாள் காலையில் தேடிப் பார்த்தால் அது முதல் பக்கத்தில் இல்லை. பத்தாம் பக்கம் வரை போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. தளம் இருக்கிறது, பெயரைச் சொல்லித் திறந்தால் திறக்கிறது, தேடினால் மட்டும் கிடைக்கவில்லை. மற்ற கிளையண்டுகளின் தளங்களும் அப்படித்தான் காணாமல் போயிருந்தன. அவர்களுக்கு அது தெரியக்கூட இல்லை. வாழைக்காய் மண்டிக்கு நெட்டில் தேடியா ஆள் வருகிறார்கள்? தங்கைக்கு மட்டும் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. மின்னஞ்சல் நின்றுபோனது, போனும் அடிக்கவில்லை. சீசன் நேரத்தில் அறைகள் பூட்டிக் கிடந்தன.

காரணம் எனக்குத் தெரிந்தது. கூடிப் பேசிக்கொண்டு ஒருவரை ஒருவர் தூக்கிவிடுகிற தளங்களைத் தேடுபொறிகள் மோசடிக் கூட்டமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தன. எங்கள் உறவுகள் பக்கம் அப்படியே அந்தக் கணக்கில் மாட்டியது. தங்கையின் தளத்திலிருந்து எல்லாரையும் எடுத்துவிட வேண்டும், எல்லார் தளத்திலிருந்தும் தங்கையை எடுத்துவிட வேண்டும், அவளை அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்தால் தளம் பிழைக்கும் என்றேன். அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போலப் பார்த்தார்.

நாலு நாள் ஆபீசுக்கு வந்தார், உட்கார்ந்தார், வேறு வேலை பார்த்தார். ஐந்தாம் நாள் தங்கையே போன் செய்தாள். என் வீட்டுக்காரர் மறுபடியும் ஜீப் எடுக்கிறேன் என்கிறார் அண்ணே, ஏதாவது செய் என்று அழுதாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சரி செஞ்சிரு என்றார். எல்லாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யலாமா என்று நான்தான் கேட்டேன். அவர் எதையும் சொல்லாமல் செய்கிற ஆள் இல்லை என்பதால் கேட்டேன்.

"என்னன்னு சொல்றது தங்கச்சி? ஒங்க பேரு கூட இருந்ததுனால எந் தங்கச்சி கெட்டுப்போச்சுன்னு அவுக மொகத்தப் பாத்துச் சொல்லவா?"

சொன்னால் ஊருக்கு அவமரியாதை, சொல்லாமல் செய்தால் திருட்டுத்தனம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொல்லாமல் செய்தார். ஒவ்வொரு தளமாகத் திறந்து தங்கையின் பெயரை நான் எடுக்க எடுக்க, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தளம் எங்கள் ஆபீசுடையது. அதையும் எடுக்க வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இரண்டு மாதத்தில் தளம் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. அறைகள் நிரம்பின. நான் கணவரிடம் சொல்லி ஜிலேபி வாங்கி வரச் செய்தேன். முதலாளி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நல்லபடியாக முடிந்தது என்றுதான் அப்போது நினைத்தோம்.

குமுளியில் மாப்பிள்ளையின் பங்காளி ஒருவர் மசாலாக் கடை வைத்திருந்தார். அவரும் எங்கள் கிளையண்ட். ஒரு நாள் தன் தளத்தைத் திறந்து உறவுகள் பக்கத்தைப் பார்த்தவருக்கு, தன் பங்காளி பெயர் அதில் இல்லை என்று பட்டிருக்கிறது. ராவுத்தர் தளத்தைப் பார்த்தார், பல் டாக்டர் தளத்தைப் பார்த்தார். எங்கேயும் இல்லை. மாப்பிள்ளையின் மச்சான் நடத்துகிற எங்கள் ஆபீஸ் தளத்திலேயே இல்லை. மற்ற அத்தனை பேரும் இருக்கிறார்கள், செத்துப்போன வீடியோ கடைக்காரர் உட்பட. இந்தப் பெயர் ஒன்றுதான் பார்த்துப் பார்த்து எடுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சொந்தத் தங்கை வீட்டை அண்ணன் ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் வைத்து, உனக்கும் உன் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாமே என்று மாப்பிள்ளையிடம் நாலு பேர் கேட்டார்கள். அவர் இலையில் கை வைக்காமல் எழுந்து வந்துவிட்டார். அடுத்த மாதம் அவர்கள் பெண் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பத்திரிகை அடித்தார்கள், ஊரெல்லாம் வைத்தார்கள். ஆபீசுக்குக் கீழே உரக்கடைக்காரருக்கு வைத்தார்கள். மாடி ஏறி வரவில்லை. தங்கையின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மடியில் உட்கார வைப்பதாக மாப்பிள்ளை முடிவு செய்திருக்கிறார் என்று உரக்கடைக்காரர்தான் எங்களிடம் சொன்னார்.

தாய்மாமன் சீராகக் கொண்டுபோக வெற்றிலை, பழம், பட்டுப்பாவாடை என்று முதலாளியின் மனைவி முன்னமே வாங்கி வைத்தது வீட்டில் அப்படியே இருந்தது. போய் விஷயத்தைச் சொல்லுங்கள் அண்ணே, இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று விளக்குங்கள் என்றேன். எப்படி விளக்குவது என்று கேட்டார். அந்தப் பங்காளி பெயரோடு சேர்ந்திருந்ததால்தான் கெட்டது என்று அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னால் பங்காளிகளுக்குள் தீ வைத்தது போல ஆகிவிடாதா என்றார். மறுபடி பெயரைப் போட்டால் அறைகள் காலியாகும். போடாவிட்டால் தங்கை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மனிதர் மெலிந்துகொண்டே வந்தார். கடிதங்களைத் திறப்பதை நிறுத்திவிட்டார். ருமேனியாக்காரர்களின் பத்திரிகைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அவரிடம் கேட்காமல், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைப் பஸ் ஏறினேன். தங்கை என்னைச் சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். வெளியே வெள்ளைக்காரர் இருவர் டீக்குக் காத்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். யார் பெயரை எடுத்தோம், ஏன் எடுத்தோம், அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றது வரை சொன்னேன். அவள் டீயை வடிகட்டிக்கொண்டே கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் புரியுதுக்கா. எம் புருசனுக்கும் சொன்னாப் புரியும். பந்தல்ல ஒக்காந்துருக்க அத்தன பேருக்கும் யாரு கம்ப்யூட்டர் பாடம் எடுக்குறது?"

பெயரைத் திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்றேன். தெரியும் என்று தலையசைத்தாள். அந்த நைந்த முதுகோடு உன் வீட்டுக்காரர் மறுபடி ஜீப் ஓட்ட வேண்டியிருக்கும் என்றேன். வடிகட்டியை உதறி வைத்தாள். பிறகு சாரமில்லை என்றாள். குமுளிக்கு வந்து ஒட்டிக்கொண்ட மலையாளம் அது, பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லாமல் ஒன்றும் இல்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணன எம் பேரத் திரும்பப் போடச் சொல்லுங்கக்கா. ரூமு காலியாக் கெடந்தாக் கெடக்கட்டும். எம் புள்ளைய வேற யாரு மடியில ஒக்கார வைப்பேன்?"

கீழே வந்து அவரிடம் சொன்னேன். சொன்ன கையோடு, நான் போட மாட்டேன், என் கையால் அந்தத் தளத்தைக் கொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒவ்வொரு தளமாகத் திறந்து, தங்கை பெயரை அவரே போட்டார். தப்பாக அடித்தால் அழித்துவிட்டு மறுபடி அடித்தார். நடுவில் கரண்ட் போனது. இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்து, வந்ததும் தொடர்ந்தார். நான் பக்கத்தில் நின்று வழி சொன்னேன். போட மாட்டேன் என்று சொன்ன வாயால் சொல்லிக்கொடுத்ததற்கு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தில் மட்டும் பல நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

அந்த வார முடிவிலேயே மாப்பிள்ளை வெற்றிலை பாக்குத் தட்டோடு மாடி ஏறி வந்தார். முதுகு எப்படி இருக்கிறது மாப்பிள்ளை என்று இவர் கேட்டார். இருக்கிறது மச்சான் என்று அவர் சொன்னார். எனக்கும் ஒரு பத்திரிகை வைத்தார்.

காது குத்துக்கு மூன்று வேன் பிடித்துப் போனோம். பல் டாக்டர் வந்தார், ராவுத்தர் வந்தார், ஏலக்காய்க்காரர் வந்தார். தளத்தில் இருந்த உறவெல்லாம் பந்தலில் இருந்தது. அவர் பட்டுவேட்டி கட்டி மணையில் உட்கார்ந்து, பட்டுப்பாவாடை உடுத்திய அந்தக் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டார். ஆசாரி காதைத் தொட்டதும் அது வீறிட்டு அழுதது. அதற்கு மேல் இவர் அழுதார். தங்கை இலை போட ஓடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. மலை இறங்க முடியாத சொந்தக்காரர்கள் கட்டிலிலும் கீழேயுமாகப் படுத்துக்கொண்டார்கள். ஒருவரும் நெட்டில் தேடி வந்தவர்கள் இல்லை. அதற்கு முந்தைய வாரமே தளம் மறுபடி காணாமல் போயிருந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கும் அவள் புருஷனுக்கும் தெரியும். பந்தலில் வேறு யாருக்கும் தெரியாது.

விடிகாலையில் குழந்தை சிணுங்கியதால் நான் வெளியே வந்தேன். மாப்பிள்ளை இடுப்பில் அகலமான பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். வாடகைக்கு எடுத்த ஜீப் ஒன்று வாசலில் நின்றது. எஸ்டேட்டுப் பெண்களை ஏற்றக் கிளம்புகிறார் என்று புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். அண்ணனும் வாசலில் நின்றுகொண்டிருந்தார், நேற்றைய பட்டுவேட்டி கசங்கி. என்ன செய்வதென்று தெரியாமல் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளி நிற்கும்போது சொல்லாமல் கிளம்பக் கூடாதே என்று மாப்பிள்ளை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார்.

"வாங்களேன் மச்சான், சும்மா போயிட்டு வருவோம்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.